வேலூருக்கு ஒரு கரி வண்டி: தெற்கு ரயில்வேக்குத் திறந்த மடல்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், திருச்சி, சென்னைக் கோட்ட மேலாளர்களுக்கும், பெரம்பூரிலும் பொன்மலையிலும் பணிமனைகளில் உழைக்கிற அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் வேலூர் கண்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிறேன். என் நைனா, மீட்டர் கேஜ் என்கிற குறுகிய பாதைக் காலத்தில், விழுப்புரம் என்ஜின் ஷெட்டில் ஃபயர்மேனாக, அதாவது என்ஜினுக்குக் கரி போடுகிறவராக, வேலை பார்த்தவர். இந்தக் கடிதத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும், வேலூர் கண்டோன்மென்டிலிருந்து கண்ணமங்கலம் வரை ஒரு நீராவி ரயில் ஓட்டுங்கள். புதிதாக என்ஜின் எதுவும் வாங்கித் தரச் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கிற இ.ஐ.ஆர். 21 என்ற பழைய நீராவி என்ஜினையே ஆண்டுக்கு ஒரு தடவை எங்கள் பக்கம் அனுப்பி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் நான் பள்ளிக்கூடத்துப் பையன். நைனா வேலை செய்கிற வண்டி காட்பாடி பக்கம் போகும்போது கண்டோன்மென்டில் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் தூக்குச்சட்டியோடு ஓடிப்போய் அவர் கையில் சேர்த்துவிட வேண்டும். பெரும்பாலும் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும்தான் இருக்கும். நைனா கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்குவார். துடைத்த இடம் மட்டும் மனித நிறமாக இருக்கும், மற்றதெல்லாம் கரி. சாப்பாட்டை வாங்கி மேலே வைத்துவிட்டு, முந்தின நாள் காலிச் சட்டியை என்னிடம் கொடுப்பார். அந்த நேரத்தில் டிரைவர் நீள மூக்கு எண்ணெய்க் கேனோடு சக்கரம் சக்கரமாகப் போய்க்கொண்டிருப்பார். ஒவ்வொரு இடத்திலும் எண்ணெய் விடுவதற்கு முன்னால் புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார், தாயார் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சூடு கூடுதலாக இருந்தால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நான் அந்த ஆளுயரச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். நிற்கிற என்ஜினும் சும்மா நிற்காது. அது மூச்சுவிடும், சொட்டும், முனகும். உள்ளே நெருப்பு இருக்கிறது என்பது தரையில் நிற்கிற என் காலுக்கே தெரியும்.

திருவண்ணாமலைக்கு ஆயாவோடு அந்த வண்டியில் போன நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்தது எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஆயா முந்தானை நுனியை உருட்டி, வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒத்தி எடுப்பாள். "தலைய வெளிய நீட்டாதடான்னு எத்தினி தபா சொல்றது" என்று திட்டுவாள். அடுத்த நிலையம் வருவதற்குள் தலை மறுபடியும் வெளியே இருக்கும்.

அந்த என்ஜின்கள் ஒய்.பி. வகை. 1949 முதல் 1970 வரை இந்திய ரயில்வேக்கு மொத்தம் 871 ஒய்.பி. வந்தன. அதில் பாதிக்கு மேல் ஜம்ஷெட்பூரில் டெல்கோ கம்பெனி செய்தது. இன்றைக்கு அவற்றை எங்கள் பாதையில் ஓட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். விழுப்புரம் காட்பாடி பாதை அகலப் பாதையாகிவிட்டது, மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. மீட்டர் கேஜ் போனதற்காக நான் அழவில்லை. அகலப் பாதை வந்ததால்தான் எங்கள் ஊர் வழியாக நேரடி வண்டிகள் நிறைய ஓடுகின்றன. நான் கேட்பது அகலப் பாதையிலேயே ஓடக்கூடிய ஒரு பழைய என்ஜினை. அது சென்னையிலேயே இருக்கிறது என்பதால்தான் எனக்கு இந்தத் தைரியம்.

இ.ஐ.ஆர். 21, 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் கிட்சன், தாம்சன் அண்டு ஹெவிட்சன் கம்பெனி செய்தது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காகக் கப்பலில் கல்கத்தா வந்து இறங்கியது. ஃபேரி குவீன் என்று உலகம் முழுவதும் பேர் வாங்கிய என்ஜினின் உடன்பிறப்பு இது. அது 22, இது 21. ஓய்வு கொடுத்த பிறகு நூறு ஆண்டுக்கு மேல் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நின்ற இரும்பை, பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் வாங்கி வந்து பிரித்து, கழுவி, இல்லாத பாகங்களைத் தாங்களே செய்து, 2010-ல் மறுபடியும் ஓட வைத்தார்கள். வெளிநாட்டில் ஒரு சங்கம் இதைச் செய்திருந்தால் அதைப் பற்றி எத்தனையோ புத்தகம் வந்திருக்கும். நம் ஊர்த் தொழிலாளி செய்ததால் ஒரு நாள் செய்தியோடு முடிந்துபோனது என்று எனக்கு வருத்தம் உண்டு.

அதை எழும்பூரில் ஒரு விழா நாளில் என் மகளோடு போய்ப் பார்த்தேன். நைனாவின் ஒய்.பி.யோடு ஒப்பிட்டால் சின்ன வண்டிதான். உயரமான புகைபோக்கி, நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு பெரிய இயக்குச் சக்கரம், முன்னும் பின்னும் சின்னச் சக்கரங்கள். என்ஜின்காரருக்கு நம் காலத்து அறை மாதிரி அடைப்பெல்லாம் கிடையாது, வெயிலும் மழையும் மேலேதான். கூட்டத்தில் ஒருவர்கூட பேசாமல் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். ஆனால் ஊதல் கொடுத்த உடனே ஒரு நொடி எல்லோரும் அடங்கினார்கள். என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் அது எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் பக்கம் கட்டடங்களுக்கு நடுவில் போய் மறைந்துவிட்டது. வயலும் மலையும் பார்க்க வேண்டிய வண்டி மேம்பாலத்துக்கு அடியில் போகிறதே என்று அன்றைக்குத் தோன்றியதுதான் இந்தக் கடிதத்துக்கு விதை.

ரயில் என்ற பொருளில் வட ஆற்காட்டுக்கு ஒரு பாத்தியதை உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை எங்கள் மண்ணுக்குத்தான் வந்தது. 1856 ஜூலை 1 முதல் மக்கள் டிக்கெட் வாங்கிப் போகத் தொடங்கிய அந்தப் பாதை ராயபுரத்தில் தொடங்கி வாலாஜா ரோடில் முடிந்தது. சென்னை மாகாண கவர்னர் ஹாரிஸ் பிரபு தொடங்கி வைத்தார். பம்பாய் தாணா பாதை 1853, ஹவுரா ஹூக்ளி 1854, அதற்கு அடுத்தது நம்முடையது. அதற்கு அப்புறம் பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே போனது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்டுக்குக் கிளை பிரிந்தது. இன்றைக்கு வாலாஜா ரோடில் இறங்கி ராணிப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது.

அப்படியானால் நியாயமாக ராயபுரம் வாலாஜா ரோடு பாதையில்தானே அந்த என்ஜினை ஓட்டச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆசை இருக்கிறது, ஆனாலும் கேட்க மாட்டேன். அரக்கோணம் காட்பாடிப் பாதை எவ்வளவு நெரிசலான பாதை என்று அதில் தினமும் போய் வருகிற எங்களுக்கே தெரியும். பெங்களூரு வண்டி, கோவை வண்டி, கேரளா வண்டி, சரக்கு வண்டி என்று ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வருகிறது. அதற்கு நடுவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற ஒரு கிழட்டு என்ஜினை விட்டால் அன்றைக்கு ஆயிரம் பேரின் வேலை கெடும். வேலைக்குப் போகிறவன் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டு ஒரு பழம்பெருமை ஓட வேண்டாம்.

கண்டோன்மென்ட் பாதை அப்படியில்லை. ஒற்றைப் பாதை, வண்டிகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் நல்ல இடைவெளி கிடைக்கும். இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. காட்பாடி சந்திப்பு சென்னைக் கோட்டம், கண்டோன்மென்டும் அதற்குத் தெற்கே உள்ளதும் திருச்சிக் கோட்டம். நீலகிரி மலை ரயிலுக்குப் புத்தம்புதிய நீராவி என்ஜின்களைச் செய்து தருகிற பொன்மலைப் பணிமனையும் திருச்சியில்தான் இருக்கிறது. இன்றைய தேதியில் புது நீராவி என்ஜின் செய்யத் தெரிந்த கைகள் உலகத்திலேயே எத்தனை இருக்கும்? குன்னூர் ஷெட்டில் தினமும் நெருப்பு மூட்டி மலையேற்றுகிற ஆட்களும் உங்கள் சம்பளப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். வெளியே யாரையும் தேட வேண்டியதில்லை.

இப்போது காலத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்நாடுகளில் இலை பழுத்து உதிர்கிற காலத்தில் நீராவி ரயில் சுற்றுலா பெரிய விசேஷம். அமெரிக்காவின் கொலராடோவில் துராங்கோவிலிருந்து சில்வர்டனுக்குப் போகிற குறும்பாதை ரயில் 1882-ல் போட்டது. செப்டம்பர் கடைசியில் மலைச்சரிவு முழுவதும் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும்போது அதில் ஏற உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். இங்கே நமக்கு அந்தக் காலத்தைப் பாடப்புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் அந்த மாதங்களில் இலை உதிர்வதில்லை, துளிர்க்கிறது. நம் பெரியவர்கள் ஆண்டை ஆறாகப் பிரித்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். குளிர்ந்த காற்றின் காலம். வேலூர்க்காரனைக் கேளுங்கள், ஆண்டில் எப்போது ஊரைப் பார்க்க வர வேண்டும் என்று. சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டி வறுத்தெடுக்கிற ஊர், மலையெல்லாம் மொட்டைப் பாறையாகத் தெரிகிற ஊர், ஐப்பசியில் வேறு ஊராக மாறிவிடும். அதே பாறைகளின் இடுக்கில் புல் முளைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்குப் பச்சை நரம்பு ஓடுகிற மாதிரி இருக்கும்.

நீராவி என்ஜினுக்கும் இதுதான் ஏற்ற காலம். நீராவி கண்ணுக்குத் தெரியாத பொருள். நாம் வெள்ளையாகப் பார்ப்பது அது காற்றில் குளிர்ந்து பொடித் துளியாக மாறிய பிறகுதான். கத்திரி வெயிலில் அந்தத் துளி பிறந்த உடனே காய்ந்துவிடும். புகைபோக்கிக்கு மேலே ஒரு முழம்கூட வெள்ளை நிற்காது. ஈரக் காற்று அடிக்கிற ஐப்பசிக் காலையில் அது கலையாமல் நீண்டு, கடைசிப் பெட்டியையும் தாண்டி வயல்மேல் படியும். சின்ன வயதில் கணியம்பாடி பக்கம் வண்டி போன பிறகும் வேப்ப மரத்தடியில் அந்த வெள்ளை கொஞ்ச நேரம் தங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தீ பயமும் குறைவு. கரி என்ஜின் பொறி கக்கும். கோடையில் காய்ந்த கோரைமேல் விழுந்தால் பற்றிக்கொள்ளும். நான் சொன்ன அந்தத் துராங்கோ ரயிலிலேயே காட்டுத்தீ அச்சத்தால் என்ஜின்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றியிருக்கிறார்கள். நம் நீலகிரி வண்டியும் எண்ணெய்க்குப் போனது. மழை பெய்து தரை ஈரமாக இருக்கிற மாதங்களில், புகைபோக்கியில் பொறி தடுக்கும் வலையும் போட்டு, பின்னாலேயே ஒரு டிராலியில் பாதை பராமரிக்கிற கேங்மேன்கள் பார்த்துக்கொண்டே வந்தால் கவலையில்லை.

மழையே ஒரு பிரச்சினைதான், அதை மறைக்கவில்லை. "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பது எங்களுக்கும் தெரியும். 2021-ல் பாலாறு கரை புரண்டதையும், அந்த ஆண்டுக் கடைசியில் திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலம் பழுதாகி வண்டிகள் நின்றுபோனதையும் பார்த்தவர்கள் நாங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த ஞாயிறு வண்டி ரத்து என்று முன்கூட்டியே டிக்கெட்டில் அச்சடித்துவிடுங்கள். கார்த்திகை தீபத்தை ஒட்டிய வாரத்தில் ஓட்டவே வேண்டாம். அந்த வாரம் திருவண்ணாமலைப் பாதை முழுவதும் அண்ணாமலையார் பக்தர்களுக்கு உரியது.

பாதையைச் சொல்கிறேன். உங்களில் பலர் இதைக் கட்டுப்பாட்டு அறை வரைபடத்தில் ஒரு கோடாகத்தான் பார்த்திருப்பீர்கள். கண்டோன்மென்டை விட்டதும் ஊர் மெதுவாகக் கழன்றுகொள்ளும். பென்னாத்தூர் வரும்போதே இரண்டு பக்கமும் வயல். ஐப்பசியில் சம்பா நடவு முடிந்து, நாற்று வேர் பிடித்துத் தலை நிமிர்த்துகிற நேரம். கணியம்பாடி தாண்டினால் மேற்கே மலை நெருங்கி வரும். அமிர்தி காடும் அதற்குப் பின்னால் ஜவ்வாது மலையும் அந்தப் பக்கம்தான். வேலியோரம் கார்த்திகைப்பூ பூத்திருக்கும். செங்காந்தள் என்று புத்தகத்தில் படித்த பூ இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. அப்புறம் நாகநதி. வறண்டு மணலாகக் கிடந்த ஆறு. ஊர்ப் பெண்கள் நூறு நாள் வேலையில் உறைகிணறு மாதிரி மழைநீர் நிரப்பும் கிணறுகளைக் கட்டிக் கட்டி, நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்தார்கள். அந்த ஆற்றின் கதையை வண்டியில் ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னால் போதும், பயணத்துக்கு வேறு பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். கண்ணமங்கலத்தில் இறங்கினால் சீத்தாப்பழக் காலம். கூடைக்காரம்மாக்கள் நடைமேடைக்கு வர அனுமதி கொடுங்கள். பழத்தை விண்டு ஒருவர் கையில் கொடுக்கிறபோது வருகிற அந்த வாசனை எந்த விளம்பரப் படத்திலும் வராது. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்தால் முழு நாள் சுற்றுலாவாகவே ஆகிவிடும். பிற்காலத்தில் நம்பிக்கை வந்த பிறகு, இதே வண்டியைக் களம்பூரில் இருக்கிற ஆரணி ரோடு நிலையம் வரை நீட்டலாம். அரிசி மூட்டையும் பட்டும் அந்தப் பக்கம்.

யார் ஏறுவார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க்காரர்களோடு, எங்கள் ஊருக்கு விருந்தாளியாக வந்தவர்களும் ஏறுவார்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆண்டு முழுக்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பரிசோதனைக்கும் முடிவுக்கும் நடுவில் நாள் கணக்காக, சில பேர் வாரக் கணக்காக, சின்ன லாட்ஜ் அறைகளில் காத்திருக்கிறார்கள். அவர்களில் நோயாளிக்குத் துணையாக வந்த ஒரு கல்கத்தாப் பெரியவரிடம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு அரைகுறை இந்தி, அவருக்கு அரைகுறைத் தமிழ். ஹவுராவில் நின்ற அந்தப் பழைய என்ஜின் இப்போது மெட்ராஸில் ஓடுகிறது என்று செல்போனில் படம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "எங்க ஊரு வண்டி" என்று மட்டும் சொன்னார். இ.ஐ.ஆர். என்பதே அவர்கள் ஊர் ரயில்வேயின் பெயர்தான். ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற அந்த மனிதர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் இதைக் கொடுக்க முடியும் என்றால் அதைக் கொடுக்காமல் இருப்பானேன்?

அப்புறம் எங்கள் பிள்ளைகள். பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள், தோல் ஷாப்புக்கும் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போகிறவர்களின் பிள்ளைகள், அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள். ஊட்டிக்குப் போய் மலை ரயில் பார்க்க அந்த வீடுகளில் வசதி இருக்காது. ஒரு வண்டிக்கு இருக்கைகளில் ஒரு பங்கை அவர்களுக்குச் சாதாரணப் பாசஞ்சர் கட்டணத்தில் ஒதுக்குங்கள். மற்றவர்களிடம் அதற்குச் சேர்த்துக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீராவி எந்திரத்தைப் பாடத்தில் படமாகப் படிக்கிற பிள்ளை, பிஸ்டன் தள்ளுவதையும் சக்கரம் திரும்புவதையும் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது.

தண்ணீர் பற்றிச் சிலர் கேட்பார்கள். 2019-ல், அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் இருந்த ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கே ரயிலில் தண்ணீர் போனது, அதனால் கேட்பது நியாயம். ஃபேரி குவீனின் தண்ணீர்த் தொட்டி 3,000 லிட்டர். அதன் உடன்பிறப்பும் அந்த அளவு வண்டிதான். வழியில் ஒரு லாரித் தண்ணீர் போதும். கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு ஆகிற தண்ணீருக்கு மேல் ஆகாது.

மின்கம்பி விஷயத்தில் நீங்கள்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். 25,000 வோல்ட் போகிற கம்பிக்கு அடியில் கரி என்ஜின் ஓட்டலாம், சென்னையில் ஓட்டிக் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் என்ஜின்மேல் ஒருவரும் ஏறக் கூடாது, நெருப்பைக் கிளறுகிற நீளக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. போட்டோ எடுக்கிறேன் என்று பெட்டி மேல் ஏறுகிற பையன்களைப் பிடித்து இறக்க ஆள் போடுங்கள். திருப்பி நிறுத்தும் வட்டமேடை நம் பக்கம் இல்லாததால், வண்டியின் பின்னால் ஒரு டீசல் என்ஜினை மாட்டிவிட்டால் திரும்பும்போது அது இழுத்து வரும். போகும்போது கிழவருக்கு மூச்சு வாங்கினாலும் பின்னாலிருந்து ஒரு கை கொடுக்கும்.

இதற்கு முன் ஒரு தடவை, ஒரு அலுவலகத்தில் இதையே மனுவாகக் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து, "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. மறுபடியும் போய்க் கேட்டபோது, மனுவையே காணவில்லை, இன்னொரு நகல் கொடுங்கள் என்றார்கள். கோபத்தால் இதைச் சொல்லவில்லை. நான் ஏன் திறந்த மடலாக எழுதுகிறேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணத்தை இன்னும் சொல்லவில்லை. அகலப் பாதையில் நீராவி 1995-ல் முடிந்தது. அன்றைக்கு இருபத்தைந்து வயதில் இருந்த ஃபயர்மேன்கூட இன்றைக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டார். என் நைனா மாதிரி அதற்கு முந்தின தலைமுறை எண்பதைத் தொட்டுவிட்டது. காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் அரக்கோணத்திலும் ரயில்வே காலனிகளை ஒட்டிய தெருக்களில் இப்படிச் சில பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கிற வேலையை எந்தக் கையேட்டிலும் முழுசாகப் படிக்க முடியாது.

நைனாவிடம் போன மாதம் கேட்டேன், கரி போடுவது என்றால் என்ன, அள்ளிக் கொட்டுவதுதானே என்று. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டு முறத்தை எடுத்து வரச் சொல்லி, கட்டில் காலைத் தணலறை வாயாக வைத்து எனக்குக் காட்டினார். கரியைக் குவியலாகப் போடவே கூடாது, மெலிசாகப் பரப்ப வேண்டும். முதலில் பின்மூலை இரண்டு, அப்புறம் பக்கங்கள், முன்பக்கம் கொஞ்சமாக. நாலு ஷவல் கரி போட்டதும் கதவைச் சாத்திவிட வேண்டும், திறந்தே வைத்தால் குளிர்ந்த காற்று புகுந்து குழாய்கள் கெடும். அப்புறம் தலையை வெளியே நீட்டிப் புகைபோக்கியைப் பார். கருப்பாக வந்தால் கரி அதிகம். ஒன்றுமே வராமல் வெறுமையாக இருந்தால் நெருப்பில் எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது. லேசான சாம்பல் நிறத்தில் வந்தால் சரி. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இரு. தண்ணீர் இறங்கினால் தணலறைக் கூரையில் இருக்கிற ஈய அடைப்பு உருகி, ஆவி உள்ளே பாய்ந்து நெருப்பை அணைத்துவிடும். "ஈயம் உருக விட்ட ஃபயர்மேன் ஷெட்டுக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியாது" என்றார். பென்னாத்தூர் தாண்டி ஏற்றம் வருவதற்கு எவ்வளவு முன்னால் கரி போட வேண்டும் என்பது வரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது போட்டால் லேட், அதற்கு முன்னாலேயே போட்டு ஆவியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் வலது தோள் தானாக அசைந்தது.

இந்த மனிதர்களை அழைத்து, குன்னூர் ஷெட் ஆட்களையும் பெரம்பூர் இளைஞர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவாவது செய்யுங்கள். வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற சின்ன ரயிலை 1951-ல் தன்னார்வலர்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். உலகத்தில் அப்படி நடந்த முதல் ரயில் அதுதான். ஓய்வுபெற்றவர் கற்றுக்கொடுக்க, இளசுகள் கற்றுக்கொண்டு, இன்றைக்கும் ஓடுகிறது. நம்மிடம் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள், கற்றுக்கொள்ளவும் இருக்கிறார்கள். எங்கள் ஊர் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிற பையன்கள், பெண்கள் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க்கேன் தூக்கவும் பித்தளை துலக்கவும் தயாராக வருவார்கள். நானே கூட்டி வருகிறேன்.

முதல் ஆண்டிலேயே பயணிகளை ஏற்ற வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. வருகிற ஐப்பசியில் ஒரு ஞாயிறு, ஆளில்லாத ஒரே பெட்டியோடு, கண்டோன்மென்டிலிருந்து கண்ணமங்கலம் வரை ஒரு சோதனை ஓட்டம் விடுங்கள். பாலங்கள் தாங்குகிறதா, நேரம் எவ்வளவு பிடிக்கிறது, ஜனம் தண்டவாளத்தில் கூடுகிறதா என்று நீங்களே பாருங்கள். சரிப்படாது என்று தோன்றினால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். முந்தின நாள் ராத்திரியே நெருப்பு மூட்ட வேண்டும் என்று நைனா சொல்கிறார், குளிர்ந்த பாய்லரை அவசரப்படுத்தக் கூடாதாம். அதனால் தேதியை இரண்டு நாள் முன்னால் எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் லாரிக்கும், ராத்திரி என்ஜினுக்குக் காவல் இருக்கிறவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் நாங்கள் ஏற்பாடு செய்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
விழுப்புரம் ஷெட் ஃபயர்மேன் ஒருவரின் மகன்,
வேலூர் கண்டோன்மென்ட்